சர்க்கார் உதவி யார் வாசலுக்குப் போகிறது?

(தென் கெடா தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்கமாக இம்மேடையில் சம்பளம், வீடு, வேலை நேரம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நிலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இருக்கிற லயத்து வீடே முதலாளிக்குச் சொந்தம். நமக்கும் நிலத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில் வட்டாரங்களில் நம்மவருள் கையகல நிலம் வைத்திருப்போரும் இருக்கிறார்கள். தாத்தா சீட்டுக் கட்டி வாங்கிய இரண்டு ஏக்கர். அப்பா சேமநிதிப் பணத்தில் வாங்கிய மூன்று ஏக்கர். பழைய கித்தா மரமும் லாலான் புல்லும் மண்டிக் கிடக்கும் துண்டு. அந்தத் துண்டுக்குச் சர்க்கார் தரும் உதவி ஏன் நம் வாசலுக்கு வருவதில்லை என்பதே இன்றைய பேச்சு. நிலமே இல்லாதவர்களும் கேட்க வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது. ஏனென்றால் அந்த உதவிப் பணம் பிறந்த இடம் நம்முடைய வெட்டுக் கத்திதான்.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். கிராணி மேடை ஏறினால் கணக்குத்தான் பேசுவார் என்று சிரிக்காதீர்கள்.

1952ஆம் ஆண்டு மலாயா கூட்டரசில் ரப்பர் மறு நடவு நிதிச் சட்டம் நிறைவேறியது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு தீர்வை வசூலித்து, அதைக் கொண்டு கிழட்டு மரங்களை வெட்டிப் புதிய ஒட்டுக் கன்றுகளை நடுவது ஏற்பாடு. நிதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 'ஏ' நிதி, 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கு. 'பி' நிதி, 100 ஏக்கருக்குக் குறைந்த சிறு தோட்டங்களுக்கு. 1954இல் சர் பிரான்சிஸ் மூடி தலைமையில் ஒரு விசாரணைக் குழு வந்தது. மரங்கள் கிழடு தட்டிவிட்டன, மறு நடவைத் துரிதப்படுத்தாவிட்டால் செயற்கை ரப்பரோடு போட்டியிட்டு மலாயா பிழைக்க முடியாது என்று அக்குழுவும் சொல்லிற்று.

அந்தத் திட்டத்தை நாங்கள் குறை கூறவில்லை. அதனால் நாடு பிழைத்தது உண்மை. விதையிலிருந்து முளைத்த பழைய மரங்கள் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 400, 500 ராத்தல் பால் கொடுத்தால் பெரிது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் உண்டாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரங்கள் 1,000 ராத்தலுக்கு மேல் கொடுத்தன. ஆனால் 'உதவி' என்ற அந்தச் சொல்லைச் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். தீர்வை எதன்மேல் விழுந்தது? பாலின்மேல். பாலை எடுத்தது யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன நம் பெற்றோர்கள். பணம் எதன் கணக்கில் திரும்பிற்று? ஏக்கர் கணக்கில். எனவே எத்தனை ராத்தல் எடுத்தாலும், ஏக்கர் இல்லாதவன் பெயர் அந்தப் பேரேட்டில் ஏறவில்லை. அவனுக்குக் கிடைத்தது வேறொன்று: வெட்டிக்கொண்டிருந்த மரம் சாய்ந்தது; புதுக் கன்று பால் தர ஆறேழு ஆண்டு ஆகும்; அதுவரை காட்டு வேலைக்குப் போ என்றார்கள், அல்லது வேறு தோட்டம் பார் என்றார்கள்.

சிறு தோட்டக்காரர்கள் எல்லோருமாவது பலனடைந்தார்களா? அதுவும் இல்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் இரண்டு ஏக்கரையும் வெட்டிப்போட்டால் ஆறேழு ஆண்டு எதைச் சாப்பிடுவான்? உதவித் தொகை கன்றுக்கும் உரத்துக்கும் சரியாகும், அரிசிக்கு ஆகாது. ஆகவே ஐம்பது ஏக்கர்க்காரன் பத்துப் பத்தாக வெட்டி நட்டான், நிதியில் பங்கு பெற்றான். இரண்டு ஏக்கர்க்காரனோ விற்கும் பாலுக்கெல்லாம் தீர்வை செலுத்திவிட்டு, கிழட்டு மரத்தையே சுரண்டிக்கொண்டிருந்தான். காத்திருக்க வசதியுள்ளவனுக்கே உதவி எட்டியது. அந்த ஏழை இரண்டு ஏக்கர்க்காரன் பெரும்பாலும் மலாய்க் கிராமத்தான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1974ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில், ரப்பர் விலை விழுந்து அரிசி விலை ஏறிய நேரத்தில், நம் கெடாவிலேயே, பாலிங் பட்டணத்தில், ஆயிரக்கணக்கான சிறு தோட்டக்காரர்கள் பசிக்கிறது என்று வீதியில் இறங்கினார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். மறு நடவு வாரியத்தின் வேலைகளை ஏற்றுக்கொண்டு 'ரிஸ்டா' என்னும் ஸ்தாபனம் தொடங்கி அப்போது இரண்டாண்டுகூட நிறையவில்லை. 1973இல் தொடங்கிய அந்த ரிஸ்டாதான் இன்றைக்கும் சிறு தோட்டக்காரருக்குக் கன்றும் உரமும் வழங்கி வருகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே விவசாய உதவித் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. மண்ணைக் காக்கப் பணம், நிலத்தைப் பயிரிடாமல் ஓய்வில் விட்டால் அதற்கு ஆண்டு வாடகை என்று சர்க்காரே கொடுக்கும். 1933இல் பருத்தி விலை படுத்துவிட்டபோது, விளைச்சலைக் குறைக்கச் சுமார் ஒரு கோடி ஏக்கர்ப் பருத்தியை உழுது அழிக்கும்படி சர்க்கார் நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களுக்கு அதில் பங்கு தரவேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தது என்ன? பல நிலக்காரர்கள் பணத்தைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். சாகுபடி குறைந்தபின் ஆள் எதற்கு என்று வாரக்காரர்களைக் குடிசையிலிருந்தும் வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தில் டைரன்சா என்னும் சிற்றூரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். நிற வேற்றுமை கொடிகட்டிப் பறந்த ஊரில், அந்தக் காலத்தில், இரு நிறத்தாரும் ஒரே சங்கம்! நம் தோட்டங்களில் சாதிக்கொரு மூலையில் உட்காரும் சிலர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்கக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம். நம் வீட்டுக் கதையோடு அது ஒட்டிக்கொள்கிறது.

சரி, தோட்டத் தொழிலாளிக்கு நிலம் தர யாருமே நினைக்கவில்லையா? நினைத்ததுண்டு, வீசம் வீசமாக. உண்மையாகவே வீசம்தான். கூட்டரசு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் காய்கறி போடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு இடம் ஒதுக்கச் சொன்னது. கெடா அந்நாளில் கூட்டரசில் சேராத மாநிலம். இங்கே தனிச் சட்டம். ஆனாலும் லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தியும் முருங்கையும் ஆட்டுக் கொட்டிலும் இங்கேயும் இருந்தன. அந்த நிலம் உழைத்தவனுக்குச் சொந்தமல்ல; வேலை இருக்கும்வரை இருக்கும், வேலை போனால் முருங்கையும் போகும்.

பின்னர் 1956இல் பெல்டா வந்தது. காட்டை அழித்துக் குடியேற்றி, குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர் கொடுத்தார்கள். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க் கிராமத்தவர். நம்மவர் மிகச் சிலர். கித்தா நடவும், பால் வெட்டும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கூட்டம் ஒன்று தோட்டங்களில் இருக்க, அந்தத் திட்டத்தில் அதற்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. இதைச் சொல்வது யார்மீதும் காய்ச்சல் கொண்டு அல்ல. நடந்ததை நடந்ததாகச் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு பெல்டா புதிய குடியேறிகளை எடுப்பதையே நிறுத்திவிட்டது.

அதே ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் என்னும் புயலும் அடித்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அந்த நேரத்தில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு எடுத்து, எல்லாருமாகச் சேர்ந்து தோட்டத்தையே வாங்கிவிடுவது என்பது யோசனை. நாள் கூலிக்காரன் பத்து வெள்ளியா கட்டுவான் என்று கேலி பேசியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, 1961இல் முதல் தோட்டம் வாங்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம் கெடாவில்தான். புக்கிட் சிடிம் தோட்டம். தென் கெடாக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளத் தக்க காரியம் அது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பங்கு என்பது பங்கு; கிரான் அல்ல. அதற்கு ஆண்டுதோறும் இலாப ஈவு வரும். பங்குச் சீட்டைக் கொண்டுபோய் ரிஸ்டாவில் கன்று கேட்க முடியாது. அரசாங்க உதவி என்னும் வீட்டுக்குள் நுழைய ஒரே சாவி, நில அலுவலகத்துக் கிரானில் நம் பெயர் இருப்பதுதான்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஊரும் பேரும் வேண்டாம்; இது எத்தனையோ வீட்டுக் கதை. மூன்று ஏக்கர். வாங்கியவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. பிள்ளைகள் நால்வர். மூத்தவர் வேலை முடிந்து மாலையில் போய்ப் பார்த்துக்கொள்கிறார். மரங்கள் பட்டை மரத்து, வெட்டினால் மங்கில் பால் விழுவதில்லை. பக்கத்து நிலத்து மலாய்க்காரர் மறு நடவுக்கு எழுதிப் போட்டு, ஒட்டுக் கன்றும் உரமும் பெற்று, இன்று அவர் மரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. நம்மவரும் மனுக் கொண்டு போனார். "கிரானில் உள்ள ஆள் எங்கே?" என்று கேட்டார்கள். "அப்பா தவறிவிட்டார்." "அப்படியானால் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள்." வந்தவர் வந்தவர்தான். மூன்று ஏக்கரும் லாலான். அலுவலகத்தாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செத்தவர் கையெழுத்துப் போட முடியாது.

அமெரிக்கக் கதையின் மறுபாதி இதுதான். அடிமைத்தனம் ஒழிந்தபின் கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டு வாங்கிய நிலங்கள், உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. பத்திரம் பாட்டன் பெயரில், உழுவது பேரன். பத்திரம் காட்ட முடியாததால் சர்க்காரின் விவசாய உதவி, மண் காப்பு உதவி, புயல் நிவாரணம் எதுவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2018ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில்தான், வேறு சான்றுகளைக் காட்டியும் பண்ணை எண் பெறலாம் என்று வழி திறந்தார்கள். அதற்குள் எத்தனையோ நிலம் போய்விட்டது. உலகத்தின் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் ஏழையின் நிலம் ஒரே ஓட்டை வழியாகத்தான் ஒழுகுகிறது.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. நிலவரி. வரி பாக்கி நின்றால் நில அலுவலகத்திலிருந்து '6ஏ' என்னும் நோட்டீஸ் வரும். அது சேர்ப்பிக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தை மாநில அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போகும்? கிரானில் உள்ள விலாசத்துக்கு. அது எது? தோட்டத்து லயத்து வீடு. அந்த லயம் இடிபட்டு, இன்று அங்கே செம்பனை நிற்கிறது, அல்லது கடை வீடு நிற்கிறது. செத்துப்போன ஆளுக்கு, இல்லாத வீட்டுக்கு அனுப்பிய கடிதம் யார் கையில் கிடைக்கும்? தோழர்களே, மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதீர்கள். இந்த மாதமே நில அலுவலகத்துக்குப் போய் வரிப் பாக்கியைப் பாருங்கள்.

பெயர் மாற்றுவது மலையைப் புரட்டும் வேலை என்று பலர் பயப்படுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகவே செய்தது. நிலத்தை உள்ளிட்ட மொத்தச் சொத்து ஒரு வரம்புக்குள் இருந்தால், உயில் இல்லாவிட்டால், உயர்நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் அந்த வரம்பு 50 இலட்சம் வெள்ளி. நம்மில் யாருக்கும் அது தடையாகப் போவதில்லை! நிலம் இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்தில் 'போராங் ஏ' என்னும் மனுவைக் கொடுக்க வேண்டும். பின்னர் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் போக வேண்டும். கட்டணம் சொற்பம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பாரம் எழுத நூற்றுக்கணக்கில் கேட்கும் ஏஜண்டுகளிடம் சிக்க வேண்டாம்.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று சட்டம் பிரிக்கவில்லை, சமபங்கு. "தங்கச்சிக்குக் கல்யாணத்தில் எல்லாம் செய்தாயிற்று, அவளுக்கு எதற்கு?" என்று அண்ணன்மார் சொல்வதையும், அதனால் தங்கை விசாரணைக்கு வராமல் மனு அப்படியே கிடப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். தங்கையின் பங்கை மறைக்க நினைத்து மூன்று ஏக்கரையும் லாலானுக்குக் கொடுப்பது என்ன புத்திசாலித்தனம்? எல்லாரும் மனமொத்தால், ஒருவரே நிலத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகத் தருவதாக விசாரணையிலேயே சொல்லலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் ஏராளம். அது நம் பெயருக்கு மாறாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்திரை ஒட்டிக்கொண்டு, அப்படிப்பட்ட நிலத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் கையில் இருப்பது தாள் மட்டுமே. வாங்குமுன் கிரானில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது.

கிரான் சரியாகிவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. மறு நடவு உதவி ஒரே மூச்சில் வருவதல்ல. நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டம் கட்டமாக வருவது. பார்க்க வரும் உத்தியோகஸ்தர் எதைப் பார்ப்பார்? நிரை நேராக இருக்கிறதா, சரிவில் மண் ஓடாமல் மேடை வெட்டியிருக்கிறதா, கன்று பிழைத்திருக்கிறதா, களை அடங்கியிருக்கிறதா. இவையெல்லாம் யாருடைய கைவேலை? இந்த நாட்டு மலைச் சரிவுகளில் வரை பிடித்து மேடை வெட்டியதே நம் பாட்டன்மார்தான்.

ஆதியில் துரைமார்களுக்கு ஒரு வெறி இருந்தது: தோட்டத்தில் ஒரு புல் தென்படக்கூடாது. நம் பாட்டிமார்கள் மண்வெட்டியால் தரையைச் சுரண்டிச் சுரண்டிக் கண்ணாடி போல வைத்தார்கள். விளைவு, மழைக்கு மேல்மண் முழுவதும் ஆற்றோடு போயிற்று. அதன் பிறகே மூடுகொடி நடச் சொன்னார்கள். பியூராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று பெயர் எப்படியிருந்தாலும், அவை நம் ஊர் அவரை, பயறு வகைக் கொடிகளே. தரையை மூடி மழையடியைத் தாங்கும். லாலானை நெருக்கி ஒடுக்கும். வேர் முண்டுகளில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். கன்றைச் சுற்றி மட்டும் கொடி ஏறாமல் வட்டமாகச் சுத்தம் செய்துவிட்டால் போதும். பயிர்க் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொள்ளும் இந்தப் பாடத்தை நம்மில் பலர் பத்து வயதிலேயே அம்மாவோடு போய்ப் பார்த்தவர்கள். ஊரார் நிலத்தில் செய்த அந்த வேலையைத் தன் நிலத்தில் செய்யக் கிரான் இல்லாமல் கைகட்டி நிற்பதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை.

விலைக்கும் ஒரு தாங்கல் உண்டு. 2015 முதல், கித்தா விலை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை ஈடுகட்டச் சிறு தோட்டத்தாருக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். 2024இல் அந்த எல்லை கிலோவுக்கு 3 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. அதைப் பெற ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி கார்டு வேண்டும். பால் விற்ற ரசீதும் வேண்டும். கார்டு இல்லாமல் வழியோரத்தில் ஒட்டுப்பாலை விற்றுவிட்டு வருகிறவர் இரண்டையும் இழக்கிறார். பாதிக்குப் பாதி என்று அடுத்தவர் தோட்டத்தில் பங்குக்கு வெட்டும் தோழர்களே, இந்தத் தொகையில் உங்கள் பங்கு என்ன என்பதைச் சொந்தக்காரரோடு முன்கூட்டியே பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சாக்காரர்களுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும்.

நிலமே இல்லாத பெரும்பான்மைத் தோழர்களுக்கு இதில் என்ன என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அவர்களுக்காகச் சங்கம் கேட்க வேண்டியதை நாங்கள் ஒளிக்காமல் சொல்கிறோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்கிறது, நல்லது. ஆனால் சம்பளத்தோடு நம் கோரிக்கை நின்றுவிடலாகாது. தோட்டம் விற்கப்படும்போது அங்கே உழைத்த குடும்பங்களுக்கு வீட்டு மனை. முடிந்த இடத்தில் காய்கறி போடும் அளவுக்காவது அவரவர் பெயரில் நிலம். சுமார் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்பதற்கும் கைமாற்றுவதற்கும் மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. அந்த அனுமதி கேட்கப்படும் வேளையில்தான் நம் குரல் எழ வேண்டும். புல்டோசர் வந்து நின்ற பிறகு அல்ல.

காரியத்துக்கு வருவோம். இம்மாதக் கடைசி ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்கக் காரியாலயத்தில் கிராணிகள் நால்வர் உட்கார்ந்திருப்போம். கிரான் அல்லது அதன் நகல், கடைசியாகக் கட்டிய நிலவரி ரசீது, இறந்தவரின் மரணப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும், இவற்றைக் கொண்டுவாருங்கள். கிரான் தொலைந்துபோனவர்கள் நிலத்தின் லாட் நம்பரையும் முக்கிம் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும், தேடி எடுக்கலாம். பாரம் எழுதக் காசு வாங்கமாட்டோம். தங்கைமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.